வீடியோ கேமராவுக்கு எந்த மெமரி கார்டு? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மெமரி கார்டைப் பற்றியவை. நாலு கடை ஏறி இறங்கி, பல நாள் விசாரித்து, லட்ச ரூபாய்க்குக் குறையாமல் கொடுத்துக் கேமரா வாங்கியவர்கள்கூட, அதற்குள் போடும் கார்டை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடியே வாங்கி வந்து, பிறகு அவதிப்பட்டிருப்பது அவர்கள் எழுதியிருப்பதிலிருந்து தெரிகிறது. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: கல்யாண வீடியோ எடுக்கும் தொழிலில் இருக்கிறேன். அண்மையில்தான் 4கே கேமராவுக்கு மாறினேன். கடையில் 128 ஜிபி கார்டுகள் இரண்டைக் காட்டினார்கள். ஒன்றில் நொடிக்கு 200 மெகாபைட் என்றும் மற்றொன்றில் 280 மெகாபைட் என்றும் அச்சிட்டிருக்கிறது. விலையில் பெரிய வித்தியாசம். எதை வாங்குவது?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: அந்த இரண்டு எண்களையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். கார்டின் முகப்பில் பெரிய எழுத்தில் போடப்படுவது, கார்டில் இருப்பதைக் கணினிக்கு எடுக்கும்போது கிடைக்கக்கூடிய உச்ச வேகமாகவே பெரும்பாலும் இருக்கும். கேமராவுக்கு வேண்டியது கார்டில் எழுதும் வேகம்; அதிலும் உச்ச வேகம் அன்று, பதிவு ஓடிக்கொண்டிருக்கும்வரை எந்த நொடியிலும் இதற்குக் கீழே இறங்காது என்று உறுதி தரப்படும் குறைந்தபட்ச வேகம். புகைப்படம் எடுக்கும்போது கார்டு ஒரு கணம் தயங்கினால், கேமராவின் உள்நினைவகம் அந்தப் படத்தைத் தாங்கிக்கொண்டு காத்திருக்கும். இடைவிடாமல் ஓடும் வீடியோவிலோ அந்த உள்நினைவகம் சில நொடிகளில் நிரம்பிவிடும். நிரம்பினால் பதிவு நின்றுபோகும்.

இந்தக் குறைந்தபட்ச வேகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கார்டைக் கையில் வாங்கி, முகப்பில் சிறிதாக இருக்கும் குறிகளைப் பார்க்க வேண்டும். ஆங்கில சி எழுத்து ஒரு வளையம் போல் சுற்றியிருக்க, உள்ளே 10 என்று இருந்தால் அது கிளாஸ் 10. நொடிக்குக் குறைந்தது 10 மெகாபைட். யு எழுத்தின் கிண்ணத்துக்குள் 1 இருந்தால் அதுவும் 10 மெகாபைட்தான். 3 இருந்தால் 30 மெகாபைட். இவற்றுக்குப் பிறகு, வீடியோவுக்கென்றே, இந்தக் கார்டுகளின் தரத்தை வகுக்கும் எஸ்.டி. சங்கம் 2016-ஆம் ஆண்டு கொண்டுவந்ததுதான் வி குறி. வி6, வி10, வி30, வி60, வி90 என்று ஐந்து படிகள் உண்டு. வி-க்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் அந்தக் கார்டு உறுதி தரும் மெகாபைட். ஒரே கார்டில் மூன்று குறிகளும் சேர்ந்தே இருக்கலாம். நீங்கள் பார்க்க வேண்டியது வி குறியை.

அடுத்தது, உங்கள் கேமரா எவ்வளவு கேட்கிறது என்ற கணக்கு. கேமரா தன் பதிவு வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறது. கார்டோ மெகாபைட்டில் சொல்கிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், கேமரா சொல்லும் எண்ணை எட்டால் வகுத்தால் போதும். மெனுவில் பதிவு அமைப்புக்குள் போனால் 4கே என்பதன் அருகிலேயே 60, 100 என்று ஏதேனும் ஓர் எண் இருக்கும். இல்லாவிட்டால் கையேட்டின் பின்பக்கத்து அட்டவணையில் கட்டாயம் இருக்கும். 100 மெகாபிட் என்றால் நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட். 200 என்றால் 25. இவ்விரண்டுக்கும் வி30 தாராளமாகப் போதும். 400 என்றால் 50 மெகாபைட் ஆகிறது. அங்கே வி30 போதாது, வி60 வேண்டும். 600 என்றால் 75, அதற்கு வி90. இது வெறும் காகிதக் கணக்கு அன்று. பானாசோனிக் நிறுவனம் தன் ஜிஎச்5 கேமராவுக்கு 2017-இல் வெளியிட்ட ஃபர்ம்வேரில் (கேமராவை இயக்கும் உள்மென்பொருளில்) 400 மெகாபிட் பதிவைச் சேர்த்தபோது, அதற்கு வி60 தரக் கார்டுதான் வேண்டும் என்று தானே குறிப்பிட்டது.

இனி, அந்த 200-க்கும் 280-க்கும் வருவோம். 280 என்று போட்ட கார்டைத் திருப்பிப் பாருங்கள். தங்க நிறத் தொடுமுனைகள் வழக்கமான ஒரு வரிசைக்குக் கீழே இரண்டாவது வரிசையாகவும் இருக்கும். அது யு.எச்.எஸ்.-2 என்ற அதிவேக வகை, முகப்பில் ரோமன் எழுத்தில் இரண்டு என்று பொறித்திருப்பார்கள். அதன் முழு வேகத்தைப் பெற, கேமராவின் துளையிலும் அந்த இரண்டாவது வரிசைக்கான முனைகள் இருக்க வேண்டும். இல்லாவிட்டாலும் கார்டு வேலை செய்யும், ஆனால் ஒற்றை வரிசை கொண்ட யு.எச்.எஸ்.-1 வகையின் வேகத்துக்கு இறங்கிவிடும். யு.எச்.எஸ்.-1 தரநிலையின் உச்சம் நொடிக்கு 104 மெகாபைட். அப்படியானால் ஒற்றை வரிசை கொண்ட கார்டில் 200 எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். தரநிலையைத் தாண்டிச் சில தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்த முறையில் எட்டும் வேகம் அது. அதற்கு ஏற்ற கார்டு ரீடரில் மட்டுமே கிடைக்கும், கேமராவுக்குள் கிடைக்காது.

உங்கள் கேமரா 100 மெகாபிட்டில் பதிவு செய்வதாக இருந்தால், வி30 குறியுள்ள, பெயர்பெற்ற நிறுவனத்தின் யு.எச்.எஸ்.-1 கார்டு போதும் என்பதே என் முடிவு. 280 கார்டுக்குக் கொடுக்கவிருக்கும் பணத்தில் இதில் இரண்டு வாங்குங்கள். ஒரு மணி நேரப் பதிவுக்கு 45 ஜிபி வேண்டும் என்பதால், 128 ஜிபி கார்டு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு வரும். ஒரு நாளில் பல நிகழ்ச்சிகள் எடுத்து, இரவோடு இரவாகக் கணினியில் ஏற்றிவிட்டு மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு ஓட வேண்டியவருக்கு மட்டும், யு.எச்.எஸ்.-2 கார்டும் அதற்கேற்ற ரீடரும் பெரிய உபகாரம்.

கேள்வி: மாங்கல்யதாரணம் நடந்துகொண்டிருந்தபோது கேமராத் திரையில் கார்டின் வேகம் போதவில்லை என்ற எச்சரிக்கை வந்து பதிவு நின்றுவிட்டது. கார்டு கிளாஸ் 10, புதியதுதான். பெண் வீட்டாருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கேமராவில் கோளாறா, கார்டில் கோளாறா? 4கே, 100 மெகாபிட். மைக்ரோ கார்டை அடாப்டரில் வைத்துப் பயன்படுத்தினேன்.
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: திரும்பி வராத ஒரு தருணம் கைநழுவிப் போனதை எண்ணி மிகவும் வருந்துகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் கேமராவும் பழுதில்லை, கார்டும் அநேகமாகப் பழுதில்லை. கிளாஸ் 10 கார்டு உறுதி தருவது நொடிக்கு 10 மெகாபைட்; உங்கள் கேமரா கேட்பது பன்னிரண்டரை. தேவை உறுதியைத் தாண்டிவிட்டது. பிறகு ஏன் அதுவரை ஓடியது என்றால், நல்ல நிலையில் இருக்கும் கிளாஸ் 10 கார்டுகள் பல, உறுதி தந்ததைவிட வேகமாகவே எழுதும். ஆனால் அந்தக் கூடுதல் வேகத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. சில கேமராக்கள் இப்படிப்பட்ட கார்டைப் போட்டால் தொடக்கத்திலேயே 100 மெகாபிட்டில் பதிவு செய்ய மறுத்துவிடும். அனுமதித்துவிட்டுப் பாதியில் நிறுத்தும் கேமராக்களில்தான் ஆபத்து அதிகம்.

புதிய கார்டு பாதியில் தளர்வதற்கு உள்ளே ஒரு காரணம் இருக்கிறது. இன்றைய கார்டுகளில் பெரும்பாலானவை, ஒரே நினைவு அறையில் மூன்று பிட்டுகளைத் திணித்து வைக்கும் சில்லுகளால் ஆனவை. அப்படித் திணித்து எழுத நேரம் பிடிக்கும். ஆகவே சில தயாரிப்புகளில், ஒரு பகுதியை மட்டும் அறைக்கு ஒரு பிட் என்று வேகமாக எழுத ஒதுக்கி, வருவதையெல்லாம் முதலில் அங்கே வாங்கிவைத்து, ஓய்வு கிடைக்கும்போது உள்ளே மாற்றுகிறார்கள். நீளமான ஒரே பதிவில் அந்த ஓய்வு கிடைப்பதில்லை. ஒதுக்கிய பகுதி நிரம்பியதும் கார்டு தன் உண்மையான வேகத்துக்கு இறங்கிவிடும். கடையில் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்து வாங்குபவருக்கு இது தெரியவே தெரியாது. பத்து நிமிடத் துண்டுகளாக எடுத்துப் பழகியவருக்கும், அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓடவிடும் அன்றைக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இடம் வேண்டும் என்பதற்காக, நடுநடுவே உள்ள துண்டுகளை மட்டும் தேடித் தேடி அழிக்கும் பழக்கம் நம் தொழிலில் பலருக்கு இருக்கிறது. அப்படிச் செய்தால் காலியிடம் கார்டு முழுவதும் சிறுசிறு ஓட்டைகளாகச் சிதறிவிடும். அந்த ஓட்டைகளில் மாற்றி மாற்றி எழுதும்போது வேகம் குறையும். வி30, வி60 என்ற உறுதிகளும் முறையாக ஃபார்மட் செய்த கார்டில் தொடர்ச்சியாக எழுதுவதை வைத்துத் தரப்படுபவைதான். ஆகவே ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்பு, முந்தைய பதிவுகள் இரண்டு இடங்களில் பத்திரமாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, எந்தக் கேமராவில் எடுக்கப் போகிறீர்களோ அந்தக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். கணினியில் செய்தே ஆக வேண்டும் என்றால், எஸ்.டி. சங்கம் இலவசமாகத் தரும் ஃபார்மட்டர் மென்பொருளைப் பயன்படுத்துங்கள்.

அடாப்டரைப் பற்றி: மைக்ரோ கார்டை அதில் செருகி வைத்தால், கார்டுக்கும் அடாப்டருக்கும் இடையே ஒரு தொடுமுனை வரிசை, அடாப்டருக்கும் கேமராவுக்கும் இடையே இன்னொன்று என்று தொடர்பு விட்டுப்போகக்கூடிய இடங்கள் இரட்டிப்பாகின்றன. மண்டபத்தின் புழுக்கத்திலும் வியர்வையிலும் நாள் முழுதும் கேமராவைத் தோளில் வைத்திருப்பவர், முழு அளவுக் கார்டையே வாங்குவது நல்லது. மைக்ரோ கார்டு ட்ரோனுக்கும் ஆக்ஷன் கேமராவுக்கும் இருக்கட்டும்.

கேள்வி: கார்டில் ஏ1, ஏ2 என்று இருப்பது என்ன? ஏ2 இருந்தால் வீடியோவுக்கு நல்லதா? சிஎஃப் எக்ஸ்பிரஸ் கார்டுக்கு மாற வேண்டுமா?
– ஈரோடு வாசகர்

பதில்: ஏ1, ஏ2 என்பவை கைப்பேசியில் செயலிகளைக் கார்டிலிருந்தே இயக்கும்போது, சின்னச் சின்னத் தகவல்களை அங்குமிங்கும் எடுத்து எழுதும் திறனைக் காட்டுபவை. வீடியோவுக்கு அதனால் பயன் இல்லை. சிஎஃப் எக்ஸ்பிரஸ் என்பது எஸ்.டி.யிலிருந்து மாறுபட்ட, அதைவிட வேகமான வேறொரு கார்டு வகை. அதற்கு மாறுவது உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது அன்று. கேமராவில் அதற்கான துளை இருந்தால்தான் போட முடியும். அதிலும் ஏ வகை சிறியது, பி வகை பெரியது. ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றில் நுழையாது. வாங்குவதானால் விபிஜி200, விபிஜி400 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்.டி. கார்டில் வி குறி செய்யும் வேலையை அங்கே அது செய்கிறது.

கேள்வி: இணையக் கடை ஒன்றில் 1 டிபி மைக்ரோ கார்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. கணினியில் போட்டால் 1 டிபி என்றே காட்டுகிறது. ஆனால் கோயில் கும்பாபிஷேகத்தைப் பதிவு செய்து வந்து பார்த்தபோது முதல் சில துண்டுகள்தான் ஓடுகின்றன. மற்றவை பெயரளவில் இருக்கின்றன, திறக்கவில்லை. மீட்க முடியுமா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: முடியாது என்று சொல்ல எனக்கு மிகவும் மனவருத்தமாக இருக்கிறது. அந்தத் துண்டுகள் கார்டில் எழுதப்படவே இல்லை, அல்லது ஒன்றின்மேல் ஒன்றாக எழுதப்பட்டு அழிந்துவிட்டன.

ஒவ்வொரு கார்டுக்குள்ளும் தகவலைச் சேர்த்து வைக்கும் சில்லு தனியாகவும், அதை ஆளும் கட்டுப்பாட்டுச் சில்லு தனியாகவும் இருக்கின்றன. உன் கொள்ளளவு என்ன என்று கணினி கேட்கும்போது பதில் சொல்வது இந்தக் கட்டுப்பாட்டுச் சில்லுதான். போலி தயாரிப்பவர்கள் 8 அல்லது 16 ஜிபி சில்லைப் போட்டுவிட்டு, கட்டுப்பாட்டுச் சில்லில் 1 டிபி என்று பொய்யாகப் பதித்துவிடுகிறார்கள். கணினியும் கேமராவும் அதை நம்புகின்றன. கோப்புகளின் பெயர்ப் பட்டியல் கார்டின் தொடக்கத்திலேயே இருப்பதால் பெயர், நேரம், அளவு எல்லாம் ஒழுங்காகத் தெரியும். உண்மையான கொள்ளளவு தீர்ந்த பிறகு வருவதற்குத்தான் இடம் இல்லை. நீங்கள் பார்த்தது இதைத்தான்: தொடக்கத்தில் எடுத்தவை ஓடுகின்றன, பிறகு எடுத்தவை ஓடவில்லை.

இதை வாங்கிய அன்றைக்கே கண்டுபிடிக்க முடியும். விண்டோஸ் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் உண்டு. லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. இவை கார்டை விளிம்புவரை நிரப்பி, நிரப்பியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். பெரிய கார்டுக்குப் பல மணி நேரம் ஆகும்; இரவில் ஓடவிட்டுவிட்டு உறங்கப் போகலாம். முடிவில் உண்மையான கொள்ளளவு தெரிந்துவிடும், தொடர்ந்து எழுதும் சராசரி வேகமும் கூடவே தெரிந்துவிடும். கார்டில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அதைக் காலி செய்த பிறகே இந்தச் சோதனையைத் தொடங்க வேண்டும். பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்துவிடுவதும் முக்கியம். பெட்டியின் அச்சையும் முத்திரையையும் பார்த்துப் போலியைக் கண்டுபிடிக்கலாம் என்று பலர் சொல்வதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அச்சு இப்போது அசலைப் போலவே வருகிறது. எவ்வளவு நம்பிக்கையான கடையில் வாங்கினாலும், நல்ல பெயருள்ள கார்டாகவே இருந்தாலும், இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு கார்டை வேலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

கேள்வி: எங்கள் பாடசாலையில் ஏறத்தாழ 2008-ஆம் ஆண்டு வாங்கிய கையடக்க வீடியோ கேமரா ஒன்று இன்றும் நன்றாக இயங்குகிறது. புதிய 64 ஜிபி கார்டைப் போட்டால் ஏற்க மறுக்கிறது. கார்டு பழுதா?
– யாழ்ப்பாணம், ஆசிரியர்

பதில்: கார்டு பழுதில்லை. 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரையுள்ள கார்டுகள் எஸ்.டி.எச்.சி. என்ற தரத்தையும், அதற்கு மேல் 2 டிபி வரையுள்ளவை எஸ்.டி.எக்ஸ்.சி. என்ற தரத்தையும் சேர்ந்தவை. இரண்டாவது தரம் அறிவிக்கப்பட்டது 2009-இல். அது கோப்புகளை வேறு முறையில் அடுக்குவதால், அதற்கு முன்பு வந்த உங்கள் கேமராவுக்கு அது புரியாது. 32 ஜிபி எஸ்.டி.எச்.சி. கார்டு வாங்குங்கள், அதற்கு முன் கையேட்டில் 16 ஜிபி என்று வரம்பு ஏதும் போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அக்காலக் கேமராக்கள் 17 மெகாபிட் அளவில் பதிவு செய்தால்கூட மணிக்கு 8 ஜிபிக்கும் குறைவாகவே செலவாகும். 32 ஜிபியில் ஆண்டுவிழா முழுவதையும் எடுத்துவிடலாம். எச்சரிக்கை ஒன்று: வேறு கருவியில் பதிவு செய்த 64 ஜிபி கார்டை இந்தக் கேமராவில் போட்டு, அது ஃபார்மட் செய்யவா என்று கேட்டால், சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: 512 ஜிபியில் ஒன்று வாங்குவதா, 128 ஜிபியில் நான்கு வாங்குவதா?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: உங்கள் கேமராவில் இரண்டு துளைகள் இருந்தால், வேறு எதையும் யோசிக்கும் முன், இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் எழுதும் அமைப்பைப் போட்டுவிடுங்கள். ஒன்று நிரம்பியதும் அடுத்ததற்குத் தாவும் அமைப்பும் மெனுவில் இருக்கும். நேரம் இரட்டிப்பாகிறது என்று பலரும் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். மேடை நாடகத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் அது சரி. கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் நான் ஒருபோதும் அதைச் சொல்ல மாட்டேன். ஒரு கார்டு செத்துப்போனால் மற்றொன்றில் முழு நிகழ்ச்சியும் இருக்க வேண்டும்.

ஒரே துளை உள்ள கேமராவானால் 128 ஜிபியில் நான்கு. முகூர்த்தம் ஒன்றில், வரவேற்பு ஒன்றில் என்று பிரித்துவிட்டால், எது போனாலும் எல்லாம் போகாது. எழுதி முடித்த கார்டின் இடப்பக்கத்தில் உள்ள சின்ன நெம்புகோலைக் கீழே தள்ளிப் பூட்டி, தனி உறையில் போட்டுவிடுங்கள். அவசரத்தில் தவறான கார்டைச் செருகினாலும் கேமரா அதில் எழுதாது. ஆனால் முகூர்த்தம் நடக்கும்போது கார்டு மாற்ற வேண்டி வரக்கூடாது என்பதால், உங்கள் மிக நீண்ட நிகழ்ச்சி ஒரே கார்டில் அடங்குமா என்று முன்பே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மினி டிவி டேப் காலத்தில் ஒரு மணி நேரக் கேசட் ஓடி முடிந்ததும் அதில் பெயர் எழுதி அலமாரியில் வைத்துவிடுவோம். எடிட்டிங்கில் என்ன ஆனாலும் மூலப் பதிவு பத்திரமாக இருந்தது. கார்டை அழித்து மறுபடி பயன்படுத்துவதால் அந்தப் பாதுகாப்பு தானாக வருவதில்லை. இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்குகளில் ஏற்றி, ஏற்றியதை ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை அழியுங்கள். ஏவிசிஎச்டி முறையில் பதிவு செய்யும் கேமராவாக இருந்தால், ஸ்ட்ரீம் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் வீடியோத் துண்டுகளை மட்டும் எடுக்காமல், வெளியே இருக்கும் பிரைவேட் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்யுங்கள். நீண்ட பதிவைக் கேமரா பல துண்டுகளாக வெட்டித்தான் எழுதியிருக்கும். அவற்றை ஒட்டுவதற்கான குறிப்பு மற்ற ஃபோல்டர்களில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் ஒட்டும் இடத்தில் நாதஸ்வரம் ஒரு கணம் அறுபடும்.

கேள்வி: பதிவு செய்த கார்டைத் தவறுதலாக ஃபார்மட் செய்துவிட்டேன். இன்னும் எதுவும் எடுக்கவில்லை. வழி உண்டா?
– வேலூர் வாசகர்

பதில்: உண்டு. எதுவும் எடுக்கவில்லை என்பதே உங்களுக்குப் பெரிய பலம். சாதாரண ஃபார்மட்டில் பெயர்ப் பட்டியல்தான் அழிகிறது. பதிவு, அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை, பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும். மெனுவில் லோ லெவல் என்ற முழு ஃபார்மட்டைத் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டும் நம்பிக்கை குறைவு. கார்டை உடனே வெளியே எடுத்துப் பூட்டிவிடுங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் கார்டை முழுவதும் துழாவி, வீடியோக் கோப்புகளைத் தேடி எடுக்கும். புகைப்படங்கள் எளிதில் வந்துவிடும். பல ஜிபி நீளமுள்ள வீடியோவில் சில துண்டுகள் வந்தும் ஓடாமல் இருக்கலாம், ஏனெனில் ஒரே கோப்பு கார்டில் பல இடங்களில் பிரிந்து கிடக்கக்கூடும். அப்படியானால் உங்கள் கேமரா வகையைத் தெரிந்த மீட்பு நிலையத்திடம் கார்டைக் கொடுங்கள். ஓடாத துண்டுகளோடு, அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்து நன்றாக ஓடும் ஒரு கோப்பையும் சேர்த்துக் கொடுத்தால் அவர்கள் வேலை எளிதாகும். அந்த மாதிரிக் கோப்பை எடுக்கும்போது வேறு கார்டைப் பயன்படுத்துங்கள். மீட்கும் கோப்புகளையும் கணினியின் வட்டிலோ வேறு டிஸ்க்கிலோ சேமியுங்கள். அதே கார்டில் திருப்பி எழுதினால், இன்னும் மீட்கப்படாமல் கிடப்பவற்றின் மேலேயே எழுதியதாகிவிடும்.